கசவெட்டிஸுக்கு ஒரு வேலை இருந்தது

போன மாதம் எங்கட பட்ச் வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. மூன்று வருசமாக எங்களோடு குறும்படம் குறும்படம் என்று திரிந்த நண்பன் ஒருவனுக்கு வங்கியில் வேலை கிடைத்திருக்கிறது. முதலில் எல்லோரும் வாழ்த்தினார்கள். பிறகு மெல்ல நக்கல் தொடங்கியது. "இனி ஆளுக்கு ரை, கமெரா இல்ல." "இன்னொரு கலைஞன் அவுட்." கடைசியாக ஒருவன் எழுதினான்: "கசவெட்டிஸ், கசவெட்டிஸ் எண்டு கத்தினவன், இப்ப கஷியர்." அந்த வரிக்கு நானும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டேன்.

இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்புப் பொம்மையைத் திரும்ப எடுப்பதற்காக எழுதுவது.

எங்கட வட்டத்தில் ஜோன் கசவெட்டிஸ் என்ற பெயர் ஒரு மந்திரம் மாதிரி. படம் எடுக்கக் காசில்லை என்று யாராவது சொன்னால் உடனே ஒருவன் அந்தப் பெயரைச் சொல்லுவான். ஸ்ரூடியோ இல்லாமல், பெரிய நடிகர் இல்லாமல், வீட்டுக்குள்ளேயே படம் எடுத்த அமெரிக்கன். ஹொலிவூட்டுக்கு முதுகைக் காட்டியவன். சமரசம் செய்யாதவன். இதுதான் எங்களுக்குத் தெரிந்த கதை. அதற்குப் பிறகு விடுமுறைக்கு வீட்டில் நின்ற நாட்களில் அவருடைய படங்களை ஒவ்வொன்றாக, அவர் இயக்கியவை மட்டுமில்லாமல் நடித்தவையும் சேர்த்துப் பார்த்தேன். பார்த்து முடித்தபோது ஒரு விசயம் உறைத்தது. நாங்கள் சொல்லிக்கொள்கிற கதையில் முக்கியமான பாதி விடுபட்டுப்போயிருக்கிறது. அந்த ஆளுக்கு ஒரு வேலை இருந்தது. கிட்டத்தட்டக் கடைசிவரை இருந்தது.

தொடக்கத்தில் இருந்து சொல்லுறன். கசவெட்டிஸ் பிறந்தது 1929 டிசம்பர் 9, நியூயோர்க்கில். பெற்றோர் கிரேக்க வம்சாவளி ஆக்கள். சின்ன வயதில் சில வருடங்கள் கிரேக்கத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது ஆங்கிலமே தெரியாதாம். பிறகு நியூயோர்க்கிலேயே நடிப்புக் கல்லூரியில் படித்தார். 1954இல் நடிகை ஜீனா றோலண்ட்ஸைக் கலியாணம் கட்டினார். அது அமெரிக்காவில் ரீவி நாடகங்கள் நேரடியாக ஒளிபரப்பான காலம். கோபக்கார இளைஞன், தெருப் பொடியன், கொலைகாரன் என்று அந்த நாடகங்களில் அவருக்குத் தொடர்ந்து வேடங்கள் கிடைத்தன. 1957இல் சிட்னி பொய்ட்டியேவோடு 'எட்ஜ் ஒஃப் த சிற்றி' என்ற படத்தில் நடித்தார். அதாவது, முதல் படத்தை இயக்கத் தொடங்கும்போதே அவர் ஓரளவு அறியப்பட்ட, சம்பளம் வாங்குகிற நடிகர்.

இனி வருவது எல்லோருக்கும் பிடித்த பகுதி. தன்னுடைய நடிப்புப் பட்டறையில் செய்துபார்த்த ஒரு காட்சியைப் படமாக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. அந்த நேரம் ஜீன் ஷெப்பர்ட் என்பவர் நடத்திய பின்னிரவு வானொலி நிகழ்ச்சிக்கு, தான் நடித்த படத்தைப் பற்றிக் கதைக்கப் போனார். போன இடத்தில், சாதாரண சனங்களைப் பற்றி ஒரு படம் வேண்டுமென்றால் நீங்களே காசு அனுப்பலாமே என்கிற மாதிரிக் கேட்டுவிட்டார். சனம் அனுப்பியது. ஏறத்தாழ இரண்டாயிரம் டொலர், பெரும்பாலும் சின்னச் சின்னத் தொகையாக. அப்படித் தொடங்கியதுதான் 'ஷடோஸ்'. 16 மில்லிமீற்றர் கமெரா, நியூயோர்க் தெருக்கள், பட்டறை மாணவர்கள். ஒரு கறுப்பினக் குடும்பத்தின் மூன்று சகோதரர்கள். அதில் இரண்டு பேர் தோல் நிறத்தால் வெள்ளையர் போலத் தெரிவார்கள். தங்கையைக் காதலிக்கிற வெள்ளைக்காரப் பொடியன், அவளுடைய மூத்த அண்ணனைக் கண்ட அந்தக் கணத்தில் முகம் மாறுவான். அந்த முகமாற்றத்துக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

நாங்கள் சொல்லும் கதை இங்கே முடிந்துவிடும். ஆனால் படம் இங்கே முடியவில்லை. 1958இல் திரையிட்ட முதல் பிரதி கசவெட்டிஸுக்கே பிடிக்கவில்லை. ஆட்களை விட்டுவிட்டு உத்திகளோடு விளையாடிவிட்டேன் என்று நினைத்தார். ஜோனஸ் மேகாஸ் போன்ற விமர்சகர்கள் அந்தப் பிரதியைத்தான் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். இவர் கேட்கவில்லை. எழுதி, திரும்ப நாள் கணக்கில் எடுத்து, வெட்டி, 1959இல் இன்னொரு பிரதியைக் கொண்டுவந்தார். இன்றைக்கு நாங்கள் பார்க்கிற 'ஷடோஸ்' அதுதான். படத்தின் முடிவில் இது முன்தயாரிப்பு இல்லாமல் அந்தந்த நேரத்தில் உருவானது என்று ஒரு அறிவித்தல் வரும். உண்மையில் அந்த இரண்டாவது பிரதியில் கணிசமான பகுதி எழுதி எடுக்கப்பட்டது. எங்கட ஆக்கள் ஸ்கிரிப்ட் எழுதாமல் ஷூட்டிங்குக்கு வருவதற்கு இந்தப் படத்தைச் சாட்டுச் சொல்லும்போது எனக்கு இனிச் சிரிப்புத்தான் வரும்.

காசு விசயத்துக்கு வாறன். 'ஷடோஸ்' செலவு கடைசியில் நாற்பதாயிரம் டொலரளவுக்குப் போனது. வானொலி நேயர்கள் தந்தது இரண்டாயிரம். மிச்சம்? நண்பர்களிடம் வாங்கியது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 'ஜொனி ஸ்டக்காட்டோ' என்ற ரீவி தொடர். 1959இலும் 1960இலும் ஓடியது. பியானோ வாசிக்கிற ஒரு துப்பறிவாளன், வாரத்துக்கு ஒரு கேஸ். கசவெட்டிஸ்தான் ஹீரோ. அந்தப் படத்தின் கடனை அடைக்கவே அவர் அந்த வேடத்தை எடுத்தார். நாங்கள் மந்திரமாகச் சொல்கிற அந்தச் சுயாதீனப் படத்தின் பில்லைக் கட்டியது ஒரு வாராந்தத் துப்பறியும் தொடர்.

'ஷடோஸ்' வெனிஸில் விமர்சகர் விருது வாங்கியதும் ஹொலிவூட் அவரை இயக்குநராகக் கூப்பிட்டது. அவரும் போனார். இதையும் நாங்கள் சொல்வதில்லை. பரமவுண்டுக்கு 'டூ லேற் புளூஸ்' (1961). பிறகு தயாரிப்பாளர் ஸ்டான்லி கிரேமருக்காக 'எ சைல்ட் இஸ் வெய்ற்றிங்' (1963). பேர்ட் லங்காஸ்டரும் ஜூடி கார்லண்டும் நடித்த படம். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகள் தங்கிப் படிக்கிற நிலையம் ஒன்றைப் பற்றியது. அப்படியான பிள்ளைகளே அதில் நடித்தும் இருக்கிறார்கள். படத்தொகுப்பில் இரண்டு பேருக்கும் முட்டியது. இந்தப் பிள்ளைகளுக்குத் தனியான இடம்தான் நல்லது என்பது கிரேமரின் பக்கம். அந்தப் பிள்ளைகளில் குறை இல்லை, எங்களில்தான் இருக்கிறது என்பது கசவெட்டிஸின் பக்கம். தயாரிப்பாளர் கையில்தான் கத்தரிக்கோல். படம் கிரேமரின் படமாக வெளிவந்தது. கசவெட்டிஸ் அதைத் தன்னுடையது இல்லை என்றார். அதோடு ஹொலிவூட்டில் அவருக்கு இயக்குகிற வேலை கிடைப்பதும் நின்றுபோனது.

என்னுடைய வாதம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. இந்தச் சண்டைக்குப் பிறகு அவர் ஹொலிவூட்டை விட்டு ஓடவில்லை. ஒரு கோட்டைக் கீறினார். நடிகனாக யாருடைய படத்திலும் நிற்பேன், சொன்னதைச் செய்வேன், சம்பளம் வாங்குவேன். ஆனால் நான் எடுக்கிற படத்தில் இன்னொருவன் கத்தரிக்கோல் வைக்க விடமாட்டேன். அந்தக் கோடு எப்போதும் நேராக இருந்தது என்று சொல்ல வரவில்லை. சில இடங்களில் வளைந்தது. அதைப் பிறகு சொல்லுறன். ஆனால் வேலை ஒரு பக்கம், தன்னுடையது ஒரு பக்கம் என்ற பிரிப்பு அவருக்கு வடிவாக விளங்கியிருந்தது.

அந்தப் பிரிப்பு என்ன செய்தது என்று பாருங்கள். 1965இல் 'ஃபேசஸ்' படத்தை எடுக்கத் தொடங்கினார். ஹொலிவூட் மலைப்பகுதியில் இருந்த தங்கட சொந்த வீட்டிலும் ஜீனாவின் அம்மாவின் வீட்டிலும் எடுத்தார்கள். கறுப்பு வெள்ளை, 16 மில்லிமீற்றர், ஏறத்தாழ ஆறு மாதம், பெரும்பாலும் இரவுகளில். நண்பர்கள் சம்பளம் இல்லாமல், படம் உழைத்தால் பங்கு என்ற பேச்சில் நின்றார்கள். கமெரா பிடித்தவர்களே விளக்கும் தூக்கினார்கள். மனைவி வேடத்தில் நடித்த லின் கார்லின் அதற்கு முதல் ஒரு அலுவலகத்தில் செயலாளராக இருந்தவர். எடுத்த பிலிமோ நூறு மணித்தியாலத்துக்கும் மேல். அதை வெட்டி ஒட்டி முடிக்க ஏறத்தாழ மூன்று வருடம் போனது.

அந்த மூன்று வருடமும் சாப்பாடு எங்கேயிருந்து வந்தது, லாபுக்குக் காசு எங்கேயிருந்து வந்தது? அவர் நடித்துக்கொண்டிருந்தார். 1967இல் 'த டேர்ட்டி டசன்', இரண்டாம் உலகப்போர் அடிதடிப் படம். அதில் ஃபிரங்கோ என்ற கைதி. அதற்கு ஒஸ்கார் துணைநடிகர் பரிந்துரைகூடக் கிடைத்தது. 1968இல் ரோமன் பொலன்ஸ்கியின் 'ரோஸ்மரிஸ் பேபி'. அதே 1968இல்தான் 'ஃபேசஸ்' வெளிவந்தது. அதற்கு மூன்று ஒஸ்கார் பரிந்துரைகள். ஒன்று கசவெட்டிஸின் திரைக்கதைக்கு, ஒன்று சீமோர் கசெலுக்கு, மற்றது அந்தச் செயலாளர் லின் கார்லினுக்கு.

'ரோஸ்மரிஸ் பேபி'யில் அவருடைய வேடம் என்ன தெரியுமா? ஒரு நடிகன். பெரிய வேடம் கிடைக்கவேண்டும் என்பதற்காகத் தன் மனைவியின் வயிற்றையே சாத்தானுக்கு விற்கிறவன். தொழிலுக்காக எல்லாவற்றையும் விற்ற ஒரு நடிகனாக நடித்துச் சம்பளம் வாங்கிய அதே காலத்தில், எதையும் விற்காத ஒரு படத்தை முடித்துக்கொண்டிருந்தார். இப்படி ஒரு சோடியை யாரும் கற்பனையில் எழுதினால் ஓவர் என்று சொல்லிவிடுவோம்.

அடுத்தது 'எ வுமன் அண்டர் த இன்ஃபுளுவன்ஸ்' (1974). அவருடைய படங்களில் ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள். நிக் ஒரு மேஸ்திரி, மாநகர சபை வேலைகளில் ஆட்களை மேய்க்கிறவன். அவன் மனைவி மேபல். மேபலுக்கு உண்மையில் பைத்தியமா, அல்லது சுற்றியிருக்கிறவர்கள் அவளை எப்படி இருக்கச் சொல்கிறார்களோ அப்படி இருக்க முயற்சி செய்தே உடைகிறாளா என்று படம் தீர்ப்புச் சொல்லாது. இரவு முழுக்க வேலை செய்துவிட்டு வந்த ஒரு கூட்டம் ஆட்களுக்கு அவள் காலமை ஸ்பகெட்டி அவித்துக் கொடுக்கிற ஒரு நீண்ட காட்சி வரும். எல்லோரும் சிரித்துக் கதைத்துச் சாப்பிடுவார்கள். ஒருத்தன் பாடுவான். மேபல் கொஞ்சம் கூடுதலாகச் சந்தோசப்படுவாள், அவ்வளவுதான். நிக் ஒரு சத்தம் போடுவான். மேசை அப்படியே உறைந்துவிடும். எங்கட வீடுகளில் விருந்தாளிகள் முன்னால் அம்மாவை அதட்டுகிற எத்தனை அப்பாமாரை நாங்கள் கண்டிருக்கிறோம்? எனக்கு அந்த இடத்தில் லப்டொப்பை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியில் போய் நிற்க வேண்டியிருந்தது.

இந்தப் படத்துக்கும் யாரும் காசு தர முன்வரவில்லை. பைத்தியம் பிடித்த ஒரு நடுத்தர வயதுப் பெண்ணை யார் பார்க்க வருவான் என்கிற மாதிரியான பதில்கள். கசவெட்டிஸ் வீட்டை அடகு வைத்தார். நிக்காக நடித்த பீட்டர் ஃபோக் ஐந்து லட்சம் டொலர் போட்டார். அந்தக் காசு எங்கேயிருந்து? ஃபோக் அப்போது 'கொலம்போ' என்ற பிரபலமான ரீவி தொடரின் நாயகன். திரும்பவும் ஒரு துப்பறியும் தொடர்! (கசவெட்டிஸ்கூட 1972இல் 'கொலம்போ'வின் ஒரு பாகத்தில் கொலைகாரனாக வந்திருக்கிறார்.) படக்குழுவில் அமெரிக்கத் திரைப்பட நிறுவனத்தின் மாணவர்களும் வேலை செய்தார்கள். ஜீனாவின் அம்மா மேபலின் அம்மாவாகவும், கசவெட்டிஸின் அம்மா நிக்கின் அம்மாவாகவும் நடித்தார்கள். படம் முடிந்தபிறகும் விநியோகிக்க யாரும் இல்லை. அவரும் நண்பர்களும் தாங்களே தியேட்டர்களோடு கதைத்துப் போட்டார்கள். படம் ஓடியது. சிறந்த இயக்குநருக்கும் சிறந்த நடிகைக்கும் ஒஸ்கார் பரிந்துரை வந்தது.

இப்போது அந்த வட்ஸ்அப் நக்கலுக்குத் திரும்பி வருவோம். வேலைக்குப் போனவன் கலையைக் கைவிட்டவன் என்று எங்களுக்கு யார் சொல்லித் தந்தது? கசவெட்டிஸ் சொல்லித் தரவில்லை. அவருடைய வாழ்க்கை சொல்வது நேரெதிர்: உன் படத்துக்குள் வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்றால், உன் சாப்பாட்டுக் காசு அந்தப் படத்தில் தங்கியிருக்கக் கூடாது.

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும், எனக்குத் தெரியும். மார்ட்டின் ஸ்கோர்செசே கதை. ஸ்கோர்செசே 1972இல் ரொஜர் கோர்மனுக்காக 'பொக்ஸ்கார் பேர்த்தா' என்ற மலிவுப் படத்தை இயக்கினார். கசவெட்டிஸ் அதைப் பார்த்துவிட்டு, கட்டிப்பிடித்து, ஒரு வருசத்தை வீணாக்கிக் குப்பை எடுத்திருக்கிறாய், உனக்கு உண்மையாக எடுக்க ஆசையுள்ளதை எடு என்ற கருத்தில் திட்டினார். அதற்குப் பிறகு வந்ததுதான் 'மீன் ஸ்ட்ரீட்ஸ்' (1973). "பார், காசுக்காக வேலை செய்யாதே என்றுதானே சொன்னார்" என்று நீங்கள் கேட்கலாம். நான் அப்படி வாசிக்கவில்லை. அதைச் சொன்ன ஆளே காசுக்காக நடித்துக்கொண்டிருந்தவர். காசுக்கு வேலை செய்யாதே என்பது இல்லை அவர் சொன்னது. உன்னுடைய இயக்கத்தைக் காசுக்குக் கொடுக்காதே என்பதுதான். எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்று ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கசவெட்டிஸ் தன் முகத்தை விற்றார். எங்கட நண்பன் வங்கிக்கு விற்றது காலமை எட்டரையிலிருந்து பின்னேரம் வரையான தன் நேரத்தை. இரண்டுக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

வித்தியாசம் இருக்கிறது. அதை மறைத்தால் இந்தக் கட்டுரையும் இன்னொரு மந்திரமாகிவிடும்.

முதலாவது, ஹொலிவூட் நடிகனுடைய சம்பளமும் எங்கட சம்பளமும் ஒன்றில்லை. ஒரு படத்தில் நடித்துவிட்டுப் பல மாதம் வீட்டில் இருந்து படம் வெட்டுகிற வசதி ஒரு வங்கி ஊழியருக்கு இல்லை. அடகு வைக்க ஹொலிவூட் மலையில் ஒரு வீடும் இல்லை. "கசவெட்டிஸ் காசில்லாமல் எடுத்தார்" என்ற வசனத்தை இனி யாரும் சொல்லவேண்டாம். காசு இருந்தது. அதை எங்கே போடுவது என்பதில்தான் அவர் வித்தியாசமான ஆள்.

இரண்டாவது, அந்தச் சுதந்திரத்துக்கு அவர் மட்டும் விலை கொடுக்கவில்லை. அடகு வைத்த வீட்டில்தான் ஜீனாவும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். தன் வீட்டையே செட்டாக்கிய படங்களில் நடித்தும், அதே வீட்டில் குடும்பத்தை நடத்தியும் வந்தவர் ஜீனா. மேபல் கதையைக் கசவெட்டிஸ் முதலில் அவருக்காக ஒரு மேடை நாடகமாகத்தான் நினைத்தார். ஒவ்வொரு இரவும் இதை மேடையில் செய்தால் நான் தாங்கமாட்டேன் என்று ஜீனா சொன்னபிறகுதான் அது படமானது. அவ்வளவு பாரமான ஒன்றை இயக்குநர் எழுதினார், மனைவி சுமந்தார். 2024 ஓகஸ்டில் ஜீனா இறந்தபோது பல இடங்களில் அவரைக் "கசவெட்டிஸின் மனைவியும் நடிகையும்" என்று எழுதியதைக் கண்டேன். அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் அப்படி எழுதமாட்டார்கள். அவர் இல்லாவிட்டால் கசவெட்டிஸின் படங்களில் பாதி இல்லை. 'ஹஸ்பண்ட்ஸ்' (1970) பாருங்கள். நண்பன் செத்த துக்கத்தில் மூன்று ஆண்கள் வீட்டை விட்டுக் குடித்துத் திரிகிற படம். பெண்களை அவர்கள் நடத்துகிற விதத்தைப் படம் விமர்சிக்கிறதா, ரசிக்கிறதா என்று பல இடங்களில் எனக்கே பிடிபடவில்லை. ஜீனா இல்லாத கசவெட்டிஸில் எனக்கு இந்தச் சந்தேகம் அடிக்கடி வருகிறது.

மூன்றாவது, எல்லா முறையும் கணக்குச் சரிவரவில்லை. 1976இல் 'த கில்லிங் ஒஃப் எ சைனீஸ் புக்கி' எடுத்தார். கொஸ்மோ என்ற ஒருவன் சின்னதாக ஒரு இரவு விடுதி நடத்துகிறான். அவனுக்கு அது உலகத்திலேயே பெரிய கலை. சூதாட்டத்தில் 23,000 டொலர் கடன்படுகிறான். கடன் கொடுத்த கும்பல் அவனை ஒரு கொலை செய்யச் சொல்கிறது. வயிற்றில் குண்டோடு திரும்பி வந்து, அன்றைய நிகழ்ச்சி சரியாகப் போகிறதா என்று பார்ப்பான். கசவெட்டிஸ் தன்னைத்தான் எடுத்திருக்கிறார் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள், பார்த்தால் உங்களுக்கும் தோன்றும். படம் தோற்றது. 1978இல் அவரே வெட்டிச் சுருக்கித் திரும்ப விட்டார். 'ஓப்பனிங் நைற்' (1977) இன்னும் மோசம். அமெரிக்காவில் அதை எடுக்க ஆள் இல்லை. ஜீனாவுக்கு அந்த நடிப்புக்காக பேர்லினில் வெள்ளிக்கரடி கிடைத்தது. ஆனால் படம் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு ஒழுங்காக வந்தது 1991இல், கசவெட்டிஸ் செத்து இரண்டு வருடத்துக்குப் பிறகு.

அந்தக் கோடு வளைந்த இடங்களும் உண்டு என்றேன். 'குளோரியா' (1980) விற்பதற்காக எழுதிய திரைக்கதை. கடைசியில் கொலம்பியாவுக்காகத் தானே இயக்கினார். வெனிஸில் தங்கச் சிங்கம் கிடைத்தது. கடைசியாக அவர் பெயரில் வந்த 'பிக் ட்ரபிள்' (1986) வேறொருவர் பாதியில் விட்ட படம். அதையும் ஸ்ரூடியோ தன் இஸ்டத்துக்கு வெட்டியது. அதனால் பலரும் அவருடைய உண்மையான கடைசிப் படமாக 'லவ் ஸ்ட்ரீம்ஸ்' (1984) படத்தைத்தான் சொல்கிறார்கள். அது பேர்லினில் தங்கக்கரடி வாங்கியது. திரும்பவும் அதே வீடு. அவரும் ஜீனாவும் அண்ணன் தங்கையாக நடித்தார்கள். குடி அவருடைய ஈரலைத் தின்றிருந்தது. 1989 பெப்ரவரி 3, 59 வயதில் இறந்தார். இந்தக் குடியையும் சிலர் கலைஞனின் அடையாளமாகச் சொல்லித் திரிகிறார்கள். அது அடையாளமில்லை, வருத்தம். அந்தப் பகுதியை நாங்கள் எடுக்கவேண்டாம்.

ஆக, இவரிடமிருந்து எதை எடுப்பது? எனக்குக் கிடைத்தது மூன்று சின்ன விசயங்கள். ஒன்று, முதல் பிரதியை உலகம் புகழ்ந்தாலும் உனக்குச் சரியில்லை என்றால் திரும்ப எடு. நாங்கள் ஒரு பின்னேரத்தில் எடுத்து, இரவில் எடிட் பண்ணி, காலமை யூடியூப்பில் போட்டுவிட்டு யாரும் பார்க்கவில்லை என்று கவலைப்படுகிறோம். அந்த மனிதர் மூன்று வருடம் ஒரு படத்தை வெட்டினார். இரண்டு, வேலையைக் கேவலமாக நினைக்காதே; எதற்காக வேலை செய்கிறாய் என்பதை மட்டும் மறக்காதே. மறப்பது சுகம் என்பது உண்மைதான். சம்பளம் வந்து, மோட்டசைக்கிள் லீசிங் எடுத்து, பிறகு அந்த லீசிங்குக்காகவே வேலை என்று ஆகிறது. வட்ஸ்அப்பில் நக்கலடித்தவர்கள் பயந்ததும் அதுதானோ என்னவோ. அந்தப் பயம் பிழையில்லை. ஆனால் அதை நக்கலாகச் சொன்னது பிழை. மூன்று, உன் படத்துக்கு உண்மையில் யார் செலவழிக்கிறார்கள் என்று கணக்குப் பார். உன்னைத் தவிர வேறு யார் விலை கொடுக்கிறார்கள் என்று பார்த்து, அவர்களுடைய பெயரையும் டைட்டிலில் போடு.

போன கிழமை அந்த நண்பனுக்குக் கோல் எடுத்தேன். சிரிப்புப் பொம்மைக்கு மன்னிப்புக் கேட்கத்தான் எடுத்தது. அவன் அதைக் கவனிக்கவே இல்லையாம். "மச்சான், அத விடு. முதல் சம்பளத்தில மைக் ஒண்டு வாங்கப் போறன். போன படத்தில சவுண்ட் படுமோசம், நினைவிருக்கா? ஞாயிற்றுக்கிழமையளில மட்டும்தான் எடுக்கலாம். உங்கட வீட்டு விறாந்தை வேணும். ஒரு ஆறு ஞாயிறு காணும்."

அம்மாவிடம் கேட்டேன். அவர் குசினிக்குள் இருந்தபடியே, தலையை வெளியில் நீட்டாமல் கேட்டார்: "எத்தின பேர் வருவினம்? சமைக்கோணுமே?"

பத்துப் பேர் என்றேன். மதியச் சாப்பாட்டைக் கடையில் எடுக்கிறோம் என்றும் சொன்னேன். அம்மா நம்பியதாகத் தெரியவில்லை. டைட்டிலில் போடுவதற்கு அவருடைய முழுப்பெயரை இன்றைக்கே ஸ்கிரிப்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டேன்.